மூச்சு நம்முடையது, அழுத்தம் யாருடையது?

(வத்தலக்குண்டில் நடந்த வாசிப்பு வட்டக் கூட்டம் ஒன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)



கூட்டத்துக்குள் நுழையும்போதே ஒரு தம்பி கேட்டார்: "தோழர், நீங்க யோகா பண்றீங்களாமே? அது அவங்க சமாச்சாரம் இல்லையா?" ஆமாம் தம்பி, செய்கிறேன். தினமும் காலையில் இருபது நிமிடம், மொட்டைமாடியில். இதில் ஒளிக்க ஒன்றுமில்லை. அதை ஏன் செய்கிறேன், அதன் பெயரால் வரும் எதையெல்லாம் ஏற்க மாட்டேன் என்று இரண்டையும் சொல்லிவிடுகிறேன்.

என் அம்மா நிலக்கோட்டைப் பக்கம் மல்லிகைத் தோட்டங்களில் பூ எடுப்பவர். விடிவதற்கு முன்பே கிளம்பிவிடுவார். பூ மொட்டாக இருக்கும்போதே மார்க்கெட்டுக்குப் போய்ச் சேர வேண்டும். நான் பிளஸ் டூ முடித்து ஒரு தையல் கம்பெனியில் சேர்ந்தேன். மணிக்கு இத்தனை பீஸ் என்று டார்கெட். பாத்ரூம் போனால் எத்தனை நிமிடம் என்று கணக்கு. டார்கெட் குறைந்தால் சூப்பர்வைசர் திட்டுவார். மற்றவர்களுக்கு வெறும் திட்டு. எங்களுக்கு "உங்க காலனிப் புத்தி" என்ற வார்த்தையும் சேர்ந்து வரும்.

இரவில் தூக்கம் போனது. கண்ணை மூடினால் மிஷின் சத்தம், கூடவே அந்த வார்த்தை. ஐந்து பெண்கள் சேர்ந்து எழுதிக் கையெழுத்துப் போட்டுப் புகார் கொடுத்தோம். இரண்டு வாரம் கழித்து ஒரு யோகா மாஸ்டரைக் கூட்டிவந்தார்கள். "மன அழுத்தத்தில் இருக்கிறீர்கள், கோபத்தை மூச்சோடு வெளியே விட்டுவிடுங்கள்" என்றார் அவர். முதல் வரிசையில் எங்கள் சூப்பர்வைசரும் கண்ணை மூடி உட்கார்ந்திருந்தார். புகாருக்கு அதுதான் பதில். வேறு பதில் வரவே இல்லை.

ஆனால் ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். அன்று இரவு நான் தூங்கினேன். பல வாரங்களுக்குப் பிறகு முதல்முறையாக.

அதில் மாயம் எதுவும் இல்லை. மூச்சை மெதுவாக இழுத்து, இழுத்ததைவிட நீளமாக விடும்போது வேகஸ் என்ற நரம்பின் வழியாக இதயத் துடிப்பு தணிகிறது. உடம்பு 'ஆபத்து' என்ற நிலையிலிருந்து இறங்கி வருகிறது. அந்த நரம்பு எல்லா உடம்பிலும் ஒரே மாதிரிதான் ஓடுகிறது. அதற்குச் சாதி தெரியாது.

சரி, முறையாகக் கற்போம் என்று ஒரு வகுப்புக்குப் போனேன். முதல் கேள்வி, "எந்தத் தெரு?" இரண்டாவது, "கறி சாப்பிடுவதை விட முடியுமா?" அன்றோடு திரும்பிவிட்டேன். பிறகு எனக்குச் சொல்லிக்கொடுத்தவர் ஒரு நர்ஸ் அக்கா. அவர் கேட்டது ஒன்றுதான்: "முதுகு வலி இருக்கா?"

யோகா என்றாலே ஆதியில் ரிஷிகள் கொடுத்தது, அப்படியே மாறாமல் வந்தது என்கிறார்கள். வரலாறு அப்படிச் சொல்லவில்லை. இன்று வகுப்புகளில் செய்யும் ஆசன வரிசையில் பெரும்பகுதி 20ஆம் நூற்றாண்டில் உருவானது. 1920களில் அவுந்த் சமஸ்தானத்து ராஜா சூரிய நமஸ்காரத்தை உடற்பயிற்சியாகப் பரப்பினார். 1930களில் மைசூர் அரண்மனையில் கிருஷ்ணமாச்சாரியா கற்பித்தார். அவரிடம் படித்தவர்தான் உலகம் அறிந்த பி.கே.எஸ். ஐயங்கார். ஐரோப்பிய ஜிம்னாஸ்டிக்ஸும் இதில் கலந்திருக்கிறது என்று மார்க் சிங்கிள்டன் என்ற ஆய்வாளர் 2010இல் ஒரு புத்தகமே எழுதினார். இன்னொரு பக்கம் திருமூலரும் சித்தர்களும் மூச்சைப் பற்றித் தமிழில் பாடிவைத்திருக்கிறார்கள். மூச்சைக் கவனிக்கும் பயிற்சியைப் பௌத்தம் ஆனாபானசதி என்கிறது. பல கைகள் பட்டு வந்த ஒன்றுக்கு ஒரே ஒரு கூட்டம் பட்டா கேட்கிறது.

நம் ஊருக்கும் இதில் ஒரு தொடர்பு உண்டு. 'கமலாம்பாள் சரித்திரம்' எழுதிய பி.ஆர். ராஜம் ஐயர் வத்தலக்குண்டுக்காரர். விவேகானந்தரின் ஊக்கத்தில் 1896இல் சென்னையில் தொடங்கிய 'பிரபுத்த பாரதா' இதழுக்கு அவர்தான் முதல் ஆசிரியர். விவேகானந்தரின் 'ராஜ யோகம்' நூல் வெளிவந்ததும் அதே 1896தான். அதில் அவர் உடம்பை வளைக்கும் ஹடயோகத்தை ஒதுக்கிவைத்தார். அவர் ஒதுக்கியதைத்தான் இன்று யோகா என்று மேடையில் காட்டுகிறார்கள். எது 'உண்மையான யோகா' என்பதில் அவர்களுக்குள்ளேயே ஒற்றுமை இருந்ததில்லை, தோழர்களே.

2014 டிசம்பர் 11 அன்று ஐ.நா. பொதுச்சபை ஜூன் 21ஐ யோகா தினமாக அறிவித்தது. 177 நாடுகள் அந்தத் தீர்மானத்தை இணைந்து முன்மொழிந்தன. யோகா தினம் இருக்கட்டும். ஆனால் அழுத்தத்தைத் தணிக்க ஒரு நாள் ஒதுக்கியவர்கள், அழுத்தத்தை உண்டாக்குவது எது என்று கேட்க ஒரு நாள் ஒதுக்கினார்களா?

கேட்டவர்கள் நம் மாவட்டத்திலேயே இருக்கிறார்கள். 2021 ஜனவரியில், இதே திண்டுக்கல் மாவட்டத்தில் ஆயத்த ஆடை ஆலையில் வேலை பார்த்த இளம் தலித் பெண் ஒருவர் கொல்லப்பட்டார். அந்த வழக்கில் கைதானவர் அவருடைய சூப்பர்வைசர். அந்தப் பெண் உறுப்பினராக இருந்த சங்கம், தலித் பெண்கள் தலைமையேற்று நடத்தும் தமிழ்நாடு டெக்ஸ்டைல் அண்டு காமன் லேபர் யூனியன். அது ஓயவில்லை. 2022 ஏப்ரலில் ஆலை நிர்வாகத்தையும், அங்கே துணி தைத்து வாங்கிய எச் அண்டு எம் என்ற பன்னாட்டு நிறுவனத்தையும் கையெழுத்துப் போட வைத்தது. அதுதான் திண்டுக்கல் ஒப்பந்தம். பாலியல் தொல்லையும் சாதிப் பாகுபாடும் இரண்டுமே அதில் குற்றம். தொழிலாளர்களே பயிற்சி பெற்று லைனில் கண்காணிப்பாளர்களாக நின்றார்கள். புகார் கொடுத்தவரைப் பழிவாங்கக் கூடாது என்று எழுதியே வாங்கினார்கள்.

சூப்பர்வைசர் கத்தினால் கேட்க ஆள் உண்டு என்று தெரிந்தால் ஒரு பெண்ணின் இதயத் துடிப்பு எவ்வளவு தணியும்! எந்தப் பிராணாயாமமும் அந்த வேலையைச் செய்யாது.

துக்கத்துக்குக் காரணம் உண்டு, அதைத் தேடு என்றார் புத்தர். அந்தத் துக்கத்தை முற்பிறவிக் கணக்கில் எழுதாமல், மனிதருக்கு மனிதர் இழைக்கும் அநீதியில் வைத்துக் காட்டினார் அண்ணல் அம்பேத்கர். யோகா மாஸ்டர் எங்களைக் கண்ணை மூடச் சொன்னார். அண்ணல் கண்ணைத் திறந்து பார்க்கச் சொன்னார். எனக்கு இரண்டும் வேண்டியிருக்கிறது, ஆனால் வேறு வேறு நேரத்தில்.

இப்போது வேறு கம்பெனியில் இருக்கிறேன், சங்கத்திலும் இருக்கிறேன். காலையில் இருபது நிமிடம் மூச்சைக் கவனிக்கிறேன். அது கோபத்தை வெளியே விடுவதற்காக அல்ல. கை நடுங்காமல் அடுத்த புகாரை எழுதுவதற்காக.

தம்பிகளே, தங்கைகளே, தூக்கம் வரவில்லை என்றால் வெட்கப்படாமல் மருத்துவரைப் பாருங்கள். மூச்சுப் பயிற்சி உதவினால் செய்யுங்கள். யாரிடமும் அனுமதி கேட்க வேண்டாம், கறிச்சோற்றையும் விட வேண்டாம். ஆனால் உங்கள் புகாருக்குப் பதிலாக யாராவது பாயை நீட்டினால், பாயை வாங்கிக்கொள்ளுங்கள், புகாரைத் திரும்ப வாங்காதீர்கள்.