அஞ்சேல் என்னும் சொல்

 

திருவிழாக் காலத் தேவாரப் போட்டிகளில் ஆண்டுதோறும் ஒரு காட்சியைக் காண்கிறோம். வீட்டிலே இனிமையாகப் பாடிய குழந்தை, ஒலிபெருக்கியின் முன் வந்ததும் கை நடுங்கி, நா வறண்டு, தாயின் முகத்தைத் தேடி நிற்கும். அவ்வேளையில் அக்குழந்தை அத்தாயின் முகத்தில் காண வேண்டியது சினமா, பரிவா? இவ்வினாவிற்கு விடை தரும் வரலாறு ஒன்று உண்டு.

1869-ஆம் ஆண்டு அக்டோபர் 2-ஆம் நாள் கத்தியவாரின் போர்பந்தரில் பிறந்த ஒரு சிறுவன் இருளைக் கண்டாலே நடுங்குவான். ஒருபுறமிருந்து பேய் வரும், மறுபுறமிருந்து திருடன் வருவான், இன்னொருபுறமிருந்து பாம்பு வரும் என்று அவனது மனம் எண்ணி எண்ணிக் கலங்கும். பள்ளி விட்டதும், எவரேனும் கேலி பேசுவரோ என்றஞ்சி ஓடியே வீடு சேர்வான். அச்சிறுவனின் பெயர் மோகன்தாஸ் கரம்சந்த் காந்தி.

அவனது அச்சத்திற்கு மருந்து தந்தவர் பண்டிதர் அல்லர். அவ்வீட்டில் பணிபுரிந்த ரம்பா என்னும் பெண்மணி. பேய் அச்சம் தீர இராமநாமத்தைச் சொல்லிவருமாறு அவர் கற்பித்தார். அம்மருந்தைக் காட்டிலும் அதனைத் தந்தவரிடமே தமக்கு நம்பிக்கை மிகுதியாக இருந்தது எனக் காந்தியடிகள் தம் 'சத்திய சோதனை'யில் குறிப்பிடுகின்றார். இக்குறிப்பு ஆழ்ந்து எண்ணத்தக்கது. அன்பு செலுத்துபவரை முதலில் நம்பிய பிறகே, அவர் காட்டும் இறைவனைக் குழந்தை நம்புகிறது.

அச்சம் ஒரே நாளில் அகன்றுவிடவில்லை. நாமம் சொல்லும் பழக்கமும் அப்போது நெடுநாள் நீடிக்கவில்லை. திருமணமான பின்னரும் விளக்கின்றி உறங்க அவர் அஞ்சினார். கஸ்தூரிபாய்க்கோ அவ்வச்சம் சிறிதும் இல்லை. 1891-இல் பாரிஸ்டராகத் தாயகம் திரும்பிய பின், பம்பாய் நீதிமன்றத்தில் முதல் வழக்கிற்காக எழுந்தவர், தலை சுற்ற, ஒரு கேள்வியும் கேட்க இயலாமல் அமர்ந்துவிட்டார்.

1893-இல் தென்னாப்பிரிக்காவின் பீட்டர்மாரிட்ஸ்பர்க் இரயில் நிலையத்தில், நிறவெறியினால் முதல் வகுப்புப் பெட்டியிலிருந்து வெளியே தள்ளப்பட்டார். கடுங்குளிர் இரவு, மேலங்கியோ அதிகாரிகள் எடுத்து வைத்த மூட்டையில் இருந்தது. மீண்டும் அவமதிப்பு நேருமோ என்றஞ்சி அதனைக் கேட்காமலே நடுங்கிக்கொண்டிருந்தார். ஆயினும், ஊர் திரும்பாமல் அநீதியை எதிர்த்து நிற்பது என்னும் முடிவையும் அதே இரவில்தான் எடுத்தார். அச்சம் முற்றும் நீங்கிய பிறகு வருவதன்று துணிவு; அச்சம் உடனிருக்கும்போதே கடமையின் பக்கம் ஓரடி எடுத்து வைப்பதே துணிவு.

இளமையில் ரம்பா விதைத்த வித்துத்தான் பிற்காலத்தில் இராமநாமத்தைத் தமக்குத் தவறாத மருந்தாக்கியது என்று அவரே நன்றியுடன் நினைவுகூர்ந்தார். இருளுக்கு அஞ்சிய அச்சிறுவன், 1947-இன் தொடக்கத்தில், தம் 77-ஆம் வயதில், கலவரத்தால் குலைந்த நவகாளிச் சிற்றூர்களில் வெறுங்காலுடன் நடந்து சென்று, அஞ்சியிருந்த மக்களுக்கு ஆறுதல் அளித்தார்.

அன்பர்களே! நம் இல்லங்களில் நிகழ்வது என்ன? உண்ண மறுக்கும் குழந்தைக்குப் பூச்சாண்டியைக் காட்டுகிறோம். போலீஸ்காரரிடம் பிடித்துக் கொடுப்பதாக மிரட்டுகிறோம். அதனினும் கொடிதாக, "சாமி கண்ணைக் குத்தும்" என்று சொல்லி, அடைக்கலமாக விளங்கும் ஆண்டவனையே அச்சுறுத்தும் கருவியாக்கி விடுகிறோம். சந்நிதியில் நின்று நோக்குங்கள். இறைவனின் திருக்கரம் "அஞ்சேல்" என்றன்றோ அபயம் காட்டுகின்றது!

ஆதலின், இருட்டறைக்கு அஞ்சும் பிள்ளையை ஏளனம் செய்யாதீர். கைபற்றி ஒருமுறை உடன் நடந்து செல்லுங்கள்; "முருகா" என்றோ "நமசிவாய" என்றோ சொல்லக் கற்றுக்கொடுங்கள். மேடையில் பாட்டை மறந்து நிற்கும் குழந்தைக்குப் புன்முறுவலுடன் தலையசையுங்கள். பலன் இன்றே தெரியாமற் போகலாம், விதைத்தது வீண்போகாது.

அஞ்சி நிற்கும் குழந்தைக்கு "அஞ்சேல்" என்று கூறும் ஒரு குரல் ஒவ்வோர் இல்லத்திலும் ஒலிக்க எல்லாம் வல்ல இறைவன் அருள்புரிவானாக!