முக்திபோத்தின் தனிமை



தனிமையைப் பாடும் கவிஞன் மக்களிடமிருந்து விலகியவன் என்னும் தீர்ப்பு முற்போக்கு இலக்கிய வட்டங்களில் மிக எளிதாக வழங்கப்பட்டு வந்திருக்கிறது. அதனைச் சோதித்துப் பார்க்க இந்திக் கவிஞர் கஜானன் மாதவ் முக்திபோத்தைவிடப் பொருத்தமானவர் இல்லை. அவர் மார்க்சியர், இந்தியின் மிகத் தனிமையான குரல்களுள் ஒருவருங்கூட.

1917இல் குவாலியர் சமஸ்தானத்து ஷியோபூரில் பிறந்தவர். தாய்மொழி மராத்தி; எழுதத் தேர்ந்துகொண்டதோ இந்தி. தம்பி சரத்சந்திர முக்திபோத் மராத்தியில் கவிஞரானார். பிறப்போடு ஒட்டிவருவதே அடையாளம் என்போர் இந்த ஒரு வீட்டைச் சற்றே எண்ணிப்பார்க்கலாம்! வேலையின்பொருட்டு ஊர் ஊராக மாறியவர், 1958இல் ராஜ்நாந்த்காவ் திக்விஜய் கல்லூரியில் ஆசிரியரானார். 1962இல் அவருடைய வரலாற்றுப் பாடநூலை மத்தியப் பிரதேச அரசு தடைசெய்தது. 1943இல் வெளிவந்த 'தார் சப்தக்' தொகுப்பின் ஏழு கவிஞர்களுள் ஒருவராக அறிமுகமானவரின் தனிக் கவிதைத் தொகுதி 1964இல்தான் வந்தது. அதைக் காண அவர் உயிரோடு இல்லை.

தற்சார்பு என்பதை, எவர் துணையுமின்றித் தானே உயர்ந்த தனிமனிதனின் பெருமை என்றே முதலாளித்துவம் கற்பிக்கிறது. முக்திபோத் இதனை ஏற்கவில்லை. ஜெயசங்கர் பிரசாத்தின் 'காமாயனி' காவியத்தை மறுமதிப்பீடு செய்தபோது, அதன் நாயகன் மனுவின் அகந்தையை வர்க்க நோக்கில் ஆராய்ந்தார். மலையுச்சியில் கிட்டும் ஆனந்தம் சமூக முரண்பாட்டுக்குத் தீர்வாகாது என வாதிட்டார்.

அவருடைய சொந்தத் தனிமை எத்தகையது? 'அந்தேரே மே' (இருளில்) என்னும் நெடுங்கவிதை அதற்கு விடை தருகிறது. இருண்ட அறைகளில் யாரோ நடமாடுகிறார். பின் கதவைத் தட்டுகிறார். வந்திருப்பவர் தன் முழுமையான வடிவமே எனக் கவிதைசொல்லி அறிவான். ஆயினும் திறக்கத் தயங்குகிறான். பழகிப்போன வசதிகளை விட மனமில்லை. திறக்கும்போது வெளியே எவரும் இல்லை. நடுத்தர வர்க்க அறிவாளியின் மீது இதைவிடக் கடுமையான விமர்சனம் இந்தியக் கவிதையில் அரிது. அது வெளியிலிருந்து வைக்கப்பட்டதன்று என்பதே அதன் வலிமை.

பின்னர் நள்ளிரவில் ஓர் ஊர்வலம். பேண்டு வாத்தியமும் படையும் செல்கின்றன. அவற்றோடு அமைச்சர், தொழிலதிபர், பத்திரிகையாளர், புகழ்பெற்ற விமர்சகர், கவிஞர், நகரின் பேர்பெற்ற கொலைகாரன் யாவரும் அணிவகுத்து நடக்கின்றனர். பகலில் வெவ்வேறு முகம் காட்டுவோர் இரவில் ஒரே வரிசையில்! அதைக் கண்டுவிட்டவனைத் துரத்துகிறார்கள். அவனுடைய தனிமை இங்கேதான் பிறக்கிறது. அது சாட்சியின் தனிமை.

இக்கவிதையை இரு பெரும் மார்க்சிய விமர்சகர்கள் இருவேறாக வாசித்தனர். நாம்வர் சிங் 1968இல், இதன் மையம் அடையாளத் தேடல் என்றும், அத்தேடல் தெருவோடும் அரசியலோடும் பிணைந்தது என்றும் கண்டார். ராம்விலாஸ் சர்மாவோ இருத்தலியத்தின் சாயலையும் பிளவுண்ட மனத்தையும் கண்டார். இந்தி முற்போக்கு விமர்சனத்துக்கு அடித்தளமிட்டவர்களுள் ஒருவரான சர்மாவின் கருத்தை எளிதில் தள்ளிவிட இயலாது. கவிதையில் அச்சம் நிறைந்திருப்பது உண்மை. ஆனால் அந்த அச்சத்துக்குக் காரணம் கவிஞனின் மனத்தில் இல்லை, ஊர்வலத்தில் இருக்கிறது. ஆயுதம் ஏந்தியவர்கள் துரத்தும்போது ஓடுபவனை நோயாளி என்பது மருத்துவமும் அன்று, விமர்சனமும் அன்று.

தம்முள் ஐயத்தோடும் தயக்கத்தோடும் போராடும் தோழரை 'தனிமனிதவாதி' என்று ஒரே சொல்லில் ஒதுக்குவோர் இக்கவிதையின் இறுதிப் பகுதியைப் படிக்கவேண்டும். கதவைத் தட்டிச்சென்ற அதே உருவம் இப்போது தெருவில், மக்கள் கூட்டத்தினிடையே தென்படுகிறது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே கூட்டத்தில் கலந்து மறைகிறது. அறையைவிட்டு வெளியேறியவன் அதைத் தேடி ஒவ்வொரு தெருவாக நடக்கிறான், எதிர்ப்படும் ஒவ்வொரு முகத்தையும் உற்றுப்பார்த்தபடி.