நாட்கூலி வேலைக்கும் சட்டம் உண்டு



ஊர் திரும்பியதும் உங்களில் பலர் கடைகளிலும் ஆடைத் தொழிற்சாலைகளிலும் கட்டட வேலைகளிலும் சேருகிறீர்கள். நீங்கள் ஊரில் இல்லாத காலத்தில் தொழிற் சட்டங்கள் பல மாறிவிட்டன.

தனியார் துறையில் குறைந்தபட்ச மாதச் சம்பளம் 2016 ஆம் ஆண்டுச் சட்டப்படி 10,000 ரூபாவாக இருந்தது. 2026 ஜனவரி முதல் அது 30,000 ரூபா. நாட்சம்பளம் 1,200 ரூபா. 2018 முதல், எத்தனையாவது பிள்ளை என்றாலும் தாய்க்கு 84 நாட்கள் பிரசவ விடுமுறை உண்டு. 2021 முதல் 16 வயதுக்குக் குறைந்த பிள்ளைகளை வேலைக்கு அமர்த்த முடியாது. வீட்டில் கஷ்டம் என்று பிள்ளையைப் பள்ளிக்கூடத்தால் நிறுத்திவிடாதீர்கள்.

மாறாத ஒன்றையும் சொல்ல வேண்டும். "நீங்கள் நாட்கூலிதானே, உங்களுக்கு ஈபிஎப் இல்லை" என்று சிலர் சொல்வார்கள். அது சரியல்ல. தற்காலிக வேலையாட்களுக்கும் முதல் நாளிலிருந்தே ஊழியர் சேமலாப நிதி உண்டு. சம்பளம் 30,000 ரூபா என்றால் உங்களிடம் 8 வீதமாக 2,400 ரூபா கழிப்பார்கள். முதலாளி தன் பணத்தில் 12 வீதமாக 3,600 ரூபா சேர்க்க வேண்டும். மாதம் 6,000 ரூபா உங்கள் பெயரில் சேரும். முதலாளியின் பங்கை உங்கள் சம்பளத்தில் வெட்ட முடியாது.

எனவே அடையாள அட்டையை முதலில் எடுத்துக்கொள்ளுங்கள். அங்கத்துவ இலக்கத்தையும் சம்பளச் சிட்டையையும் கேட்டு வாங்குங்கள். வேலை செய்த நாட்களையும் பெற்ற பணத்தையும் ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள். குறை இருந்தால் மாவட்டத் தொழில் அலுவலகத்தில் தமிழிலேயே முறைப்பாடு கொடுக்கலாம். அப்போது அந்தக் கொப்பி உங்களுக்குக் கைகொடுக்கும்.