பிள்ளைகளுக்குப் பொறுப்பாளர் யார்?



மவுத்தைப் பற்றிப் பேசப் போகிறோம், முகம் சுளிக்க வேண்டாம். நம் டிரஸ்ட்டுக்கு வந்த ஒரு சகோதரியின் கணவர் சபுரில் வஃபாத்தானவர். மாமனாரும் முன்பே போய்விட்டார். கணவர் வாங்கிய மனையை விற்றுக் கடனை அடைத்து, இரண்டு பிள்ளைகளையும் படிக்க வைக்க நினைத்தார். பத்திரம் எழுதுபவர் கையை விரித்துவிட்டார். எட்டில் ஒன்றான தன் பங்கை அவர் விற்கலாம். பிள்ளைகளின் பங்கைத் தொட முடியாது. "பெத்த பிள்ளைக்கு நானே கார்டியன் கேட்டு மனுப் போடணுமா காக்கா?" என்று அழுதார்.

போடத்தான் வேண்டும். வளர்க்கும் உரிமை வேறு, சொத்தை நிர்வகிக்கும் உரிமை வேறு. நம் நாட்டில் நடைமுறையிலுள்ள முஸ்லிம் சட்டப்படி சொத்துக்கு முதல் பொறுப்பாளர் வாப்பா. அவருக்குப் பின் அவர் வஸிய்யத்தில் நியமித்தவர். அதன் பிறகே வாப்பாவின் வாப்பா, அவர் நியமித்தவர். யாரும் இல்லையென்றால் 1890ஆம் ஆண்டுச் சட்டப்படி கோர்ட்தான் நியமிக்கும். உம்மாவோ சாச்சாவோ தானாக வர முடியாது. உம்மா விற்ற யதீம்களின் பங்கு செல்லாது என்று 1918லேயே பிரிவி கவுன்சில் சொல்லிவிட்டது.

அந்த இரண்டாம் இடத்தைக் கவனியுங்கள். அங்கே மனைவியின் பெயரையே எழுதலாம். ஒரு தாள் போதும்.

வஸிய்யத் என்றதும் "மூன்றில் ஒன்றுதானே" என்பார்கள். அந்த வரம்பு சொத்தை எழுதி வைப்பதற்கு. ஆளை நியமிப்பதற்கு இல்லை. வாரிசுகளின் பங்கும் மாறாது. வாய்மொழியும் செல்லும்தான், ஆனால் மைய்யித்து வீட்டில் ஆளுக்கொன்று சொல்வார்கள். இரண்டு சாட்சிகளோடு எழுதிப் பதிவு செய்துவிடுங்கள். முத்திரைத்தாள் தேவையில்லை.

மனைவியும் இல்லாமல் போனால் என்று இரண்டாவது பெயரும் வேண்டும். வசதியான ஆளைத் தேடாதீர்கள். பெருநாளன்று பிள்ளைகள் கூப்பிடாமலே யார் வீட்டுக்கு ஓடுகிறார்கள் என்று பாருங்கள். அவரிடம் முதலில் சம்மதம் கேளுங்கள். "என்னை நம்பலையா?" என்று தம்பி வருத்தப்பட்டால் அவரையே சாட்சியாக உட்கார வையுங்கள்.

சபுருக்குப் புறப்படுகிறவர்கள் பாஸ்போர்ட்டோடு இதையும் முடித்துவிட்டுப் போங்கள். ஞாயிறு அசருக்குப் பின் நம் அலுவலகத்தில் எழுத உதவுகிறோம், இன்ஷா அல்லாஹ். ஆதார் அட்டையோடு வாருங்கள், மனைவியையும் கூட்டி வாருங்கள்.