ஒரு மடக்குத் தண்ணீர்

(பொன்விழா நவநாளில் மாலைத் திருப்பலிக்குப் பின் பங்குத்தந்தை ஆற்றிய உரை)



பொன்விழா என்றதும் நம் கண்முன் நிற்பவை எல்லாம் பெரியவை. கோபுரம், கொடிமரம், தேர், மின்விளக்கு அலங்காரம். இவற்றுக்காக ஆண்டவருக்கு நன்றி சொல்கிறோம், சொல்லவும் வேண்டும். ஆயினும் இன்று மாலை மிகச் சிறிய ஒன்றைக் குறித்து உங்களோடு பேச விரும்புகிறேன். இங்கே புறப்படுமுன் வீட்டில் நீங்கள் குடித்துவிட்டு வந்த ஒரு டம்ளர் தண்ணீர்தான் அது.

சிறுவாணித் தண்ணீரின் ருசியைக் கோவைக்காரர்களுக்கு நான் எடுத்துச் சொல்லவேண்டியதில்லை. வெளியூருக்குக் கட்டிக்கொடுத்த பெண், தாய்வீட்டில் வந்து இறங்கியதும் முதலில் சொம்பைத்தான் எடுக்கிறாள். ஆனால் அந்தத் தண்ணீர் தானாக நம் வீட்டுக்கு வந்துவிடவில்லை. ஒரு காலத்தில் இந்நகரம் குடிநீருக்குத் தவித்தது. நகரசபைத் தலைவராயிருந்த இரத்தினசபாபதி முதலியார் போன்றோர் பாடுபட்டு மலைநீரை இங்கே கொண்டுவந்தார்கள். ஆர்.எஸ்.புரம் அவர் பெயரைத்தான் தாங்கி நிற்கிறது. பின்னர் நகரம் பெருகியது. 1973-ல் கேரளமும் தமிழகமும் உடன்படிக்கை செய்துகொண்டன. பாலக்காடு மாவட்டத்து மலையில் அணை எழும்பி, 1984-ல் பயன்பாட்டுக்கு வந்தது. அடுத்த மாநிலத்து மலையில் பெய்த மழை நம் சமையலறைக்கு வருகிறது. இதை எத்தனை பேர் நினைக்கிறோம்? 2017-ல் அணை வற்றியபோதுதான் நினைத்தோம். தண்ணீர் வரும் நாளை எண்ணிக் காத்திருந்தோம். மழை பெய்தது, அணை நிறைந்தது, மறந்துபோனோம்.

நானும் மறந்தவன்தான். சில ஆண்டுகளுக்குமுன் வேறொரு பங்கில் இருந்தேன். ஒருநாள் காலை மின்சாரம் இல்லை, மோட்டார் ஓடவில்லை, காப்பியும் ஆறிப் போயிற்று. பாவம், கோயில்பிள்ளைமேல் எரிந்து விழுந்தேன். அதே கோபத்தோடு நோயாளிகளுக்கு நற்கருணை கொண்டு போனேன்.

அங்கே ஒரு பெரியவர். பஞ்சாலையில் முப்பது வருடங்களுக்குமேல் உழைத்தவர். சிறுநீரகம் பழுதாகி, டயாலிசிஸ் செய்துகொண்டிருந்தார். ஒரு நாளைக்கு இவ்வளவுதான் தண்ணீர் என்று டாக்டர் அளவு சொல்லியிருந்தார். மகள் அதை ஒரு பாட்டிலில் ஊற்றித் தலைமாட்டில் வைத்திருந்தார். நற்கருணை வாங்கியபின் பெரியவர் சிலுவை அடையாளம் வரைந்து, ஒரே ஒரு மடக்குக் குடித்தார். கண்களை மூடி, அதை வாயில் வெகுநேரம் வைத்திருந்து, பிறகே விழுங்கினார்.

"சாமி, மில்லுல இருந்தப்போ சொம்பு சொம்பாக் குடிச்சேனுங்க. ஒருநாள்கூட ருசி தெரியலைங்க. இப்பத்தானுங்க தெரியுது" என்றார். உடனே மகள் பக்கம் திரும்பி, "சாமி வெயில்ல வந்திருக்காரு. தண்ணி கொண்டா கண்ணு" என்றார்.

டம்ளர் நிறையத் தண்ணீர் வந்தது. அவர் எதிரில் அதைக் குடிக்க எனக்குக் கூசியது. "குடிங்க சாமி. நீங்க குடிச்சா எனக்குத் தாகம் தீர்ந்த மாதிரிங்க" என்றார். குடித்தேன். வீடு திரும்பியதும் கோயில்பிள்ளையிடம் மன்னிப்புக் கேட்டேன்.

அன்பானவர்களே, குருமடத்தில் எங்களுக்குக் கற்பித்தார்கள்: நற்கருணையைக் குறிக்கும் 'யூக்கரிஸ்தியா' என்ற கிரேக்கச் சொல்லுக்கு 'நன்றி கூறுதல்' என்று பொருள். காட்டிக்கொடுக்கப்படவிருந்த அந்த இரவில் நம் ஆண்டவர் கையில் எடுத்தது அன்றாட அப்பம். அதற்காகவே நன்றி சொன்னார். வியட்நாம் நாட்டு ஆயர் வான் துவான் 1975-ல் கைதாகி 13 ஆண்டுகள் காவலில் இருந்தார். அவற்றில் 9 ஆண்டுகள் தனிமைச் சிறை. உள்ளங்கையையே கிண்ணமாக்கி, மூன்று துளி திராட்சை இரசமும் ஒரு துளி தண்ணீரும் விட்டுத் திருப்பலி நிறைவேற்றினார். பீடமில்லை, பாடலில்லை, நன்றி இருந்தது.

"சாமி, தறி ஓடவில்லை, கடன் கழுத்தை நெரிக்கிறது. இதில் தண்ணீருக்கு நன்றி சொல்லச் சொல்கிறீர்களே" என்று சிலர் கேட்கலாம். நியாயமான கேள்வி. நன்றி சொன்னால் கடன் அடைந்துவிடாது. அழவேண்டியவர்கள் ஆண்டவர் சந்நிதியில் அழுங்கள். திருப்பாடல்களிலும் கண்ணீர் உண்டு. அந்தப் பெரியவரின் நோயும் தீரவில்லை. அவ்வருடமே அவரை அடக்கம் செய்தோம். ஆனால் அந்த ஒரு மடக்கை இறைவன் தந்ததாகப் பெற்றுக்கொண்டதால், அடுத்தவன் தாகம் அவர் கண்ணுக்குத் தெரிந்தது. எல்லாம் இருந்த எனக்குக் கோயில்பிள்ளையின் களைப்புத் தெரியவில்லை. நன்றியுள்ளவனுக்கும் நன்றி மறந்தவனுக்கும் வேற்றுமை இதுதான்.

ஆகவே மூன்று காரியங்கள் கேட்கிறேன். சாப்பாட்டுக்கு முன் செபிக்கும் பழைய வழக்கம் நம் வீடுகளுக்குத் திரும்பட்டும். 2015-ல் திருத்தந்தை பிரான்சிஸ் தமது சுற்றுமடலில் இதையே வேண்டினார். அரிசியும் பருப்பும் சாதமே ஆனாலும், ஆக்கிப்போட்ட கைக்கு ஒரு நல்ல வார்த்தை சொல்லுங்கள். வரும் கோடையில் நம் கோயில் வாசலில் ஒரு நீர்ப்பந்தல் வைப்போம். எம்மதத்தவராயினும் தாகத்தோடு வருபவர் குடித்துச் செல்லட்டும். சமாரியப் பெண்ணிடம் தண்ணீர் கேட்ட ஆண்டவர் அங்கேயும் வருவார்.

இன்றிரவு வீட்டுக்குப் போனதும் ஒரு டம்ளர் தண்ணீர் எடுங்கள். சிலுவை அடையாளம் வரைந்து, உட்கார்ந்து, மெதுவாகக் குடியுங்கள். நம் பொன்விழாவின் நன்றி வழிபாடு அங்கே தொடங்கட்டும். எல்லாம் வல்ல இறைவன் உங்கள் இல்லங்களை ஆசீர்வதிப்பாராக. ஆமென்.