வழிபாடு நின்ற பிறகும் நிற்கும் ஒரு தேவாலயம்

(சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில் உறுப்பினர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



பராமரிப்பு நிதி பற்றிய விவாதத்துக்கு முன்னால் எனக்குப் பத்து நிமிடம் ஒதுக்கியிருக்கிறார்கள். அந்தப் பத்து நிமிடத்தில் உங்களை இங்கிலாந்தில் ஒரு கிராமத்துத் தேவாலயத்துக்கு அழைத்துப் போகிறேன். இப்போது ஏன் இந்தக் கதை என்பது கேட்கக் கேட்கப் புரிந்துவிடும்.

ஊரின் பெயர் இங்கில்ஷாம். வில்ட்ஷயரின் வட எல்லையில், தேம்ஸ் நதி இன்னும் சிற்றாறாக ஓடும் இடத்தில், வயல்களுக்கு நடுவே இருக்கிறது. அங்குள்ள புனித திருமுழுக்கு யோவான் தேவாலயம் மிகச் சிறியது. உயர்ந்த கோபுரம் எதுவும் கிடையாது. மேற்குச் சுவரின் உச்சியில் மணி தொங்கவிட ஒரு சிறிய கல் மாடம், அவ்வளவுதான். கட்டடத்தின் பெரும்பகுதி 1205-ஆம் ஆண்டு வாக்கில் எழுந்தது. உள்ளே தாயும் சேயுமாக ஒரு கற்சிற்பம் இருக்கிறது. மேலிருந்து இறைவனின் கை ஆசீர்வதிக்கிறது. அது கட்டடத்தைவிடவும் பழையது, ஆங்கிலோ-சாக்சன் காலத்தது.

சுவர்களைப் பாருங்கள். 13-ஆம் நூற்றாண்டு தொடங்கி 19-ஆம் நூற்றாண்டு வரை ஒன்றின் மேல் ஒன்றாக ஓவியங்களும் எழுத்துகளும். 16-ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தில் மதச் சீர்திருத்தம் வந்தபோது, புனிதர்களின் உருவங்கள்மேல் சுண்ணாம்பு அடித்து, வேத வசனங்களை எழுதினார்கள். பிறகு வந்தவர்கள் அதன்மேலும் எழுதினார்கள். இன்று இங்கில்ஷாமில் ஒரு சுவரிலேயே பல தலைமுறைகளைப் பார்த்துவிடலாம். தரையில் கதவு வைத்த மரப்பெட்டிகள் போன்ற இருக்கைகள். குளிர்காற்று படாமல் குடும்பம் குடும்பமாக உள்ளே உட்கார்ந்துகொள்வார்கள். அவை 17, 18-ஆம் நூற்றாண்டுகளைச் சேர்ந்தவை.

இப்படி எல்லாமே தங்கியிருப்பது அபூர்வம். ஏனென்றால் 19-ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தில் 'புதுப்பித்தல்' என்று ஓர் அலை அடித்தது. எண்ணம் நல்லதுதான். ஆனால், குறிப்பிட்ட ஒரு காலத்துப் பாணிதான் உயர்ந்தது என்று முடிவுகட்டி, பின்னால் சேர்ந்ததையெல்லாம் அப்புறப்படுத்தினார்கள். பூச்சைச் சுரண்டிக் கல்லை வெளியே காட்டினார்கள். பூச்சோடு ஓவியங்களும் போயின. பழைய இருக்கைகளைப் பிடுங்கிவிட்டு, தரைக்குப் பளபளப்பான ஓடு பதித்தார்கள்.

இதை எதிர்த்தவர் வில்லியம் மோரிஸ். கவிஞர், வடிவமைப்பாளர். டியூக்ஸ்பரி என்ற ஊரின் பெரிய தேவாலயத்தைப் புதுப்பிக்கப் போகிறார்கள் என்று கேள்விப்பட்டு, 1877-இல் பத்திரிகைக்குக் கடிதம் எழுதினார். அதே ஆண்டில் நண்பர்களோடு சேர்ந்து பழங்கட்டடங்களைக் காக்க ஒரு சங்கம் தொடங்கினார். சுரண்டலை எதிர்த்ததால் அதற்குச் 'சுரண்டல் எதிர்ப்புச் சங்கம்' என்றே செல்லப்பெயர் வந்தது. அவர்களுடைய கொள்கை எளிமையானது: பழையதைப் புதிதுபோல் ஆக்காதே, கெட்டுப்போகும் முன்பே சின்னச் சின்னதாகப் பழுது பார்.

மோரிஸின் கிராமத்து வீடு கெல்ம்ஸ்காட்டில், இங்கில்ஷாமிலிருந்து சில மைல் தொலைவில் இருந்தது. 1880-களின் இறுதியில் இந்தத் தேவாலயத்தில் பழுது பார்க்கும் வேலை நடந்தபோது அவர் அதற்குத் துணைநின்றார். கட்டடம் விழாமல் இருக்கத் தேவையானதைச் செய்துவிட்டு மற்றதை அப்படியே விட்டார்கள். தளம் மேடுபள்ளமாகவே இருக்கிறது. இருக்கைகள் சற்றுச் சாய்ந்தே நிற்கின்றன. இன்று அங்கே போகிறவர்கள் பார்ப்பதற்காகப் போவதும் அதைத்தான்.

பிறகு அங்கே வழக்கமான வழிபாடு நின்றுபோனது. இங்கில்ஷாமுக்கு மட்டும் நேர்ந்ததல்ல இது. கிராமங்களில் ஆட்கள் குறைந்தார்கள், வழிபாட்டுக்கு வருவோரும் குறைந்தார்கள். ஆளில்லாத கட்டடத்துக்கு யார் செலவு செய்வது? இதற்காக 1969-இல் ஒரு நிதியம் அமைக்கப்பட்டது. இன்று அது தேவாலயப் பாதுகாப்பு அறக்கட்டளை என்ற பெயரில் 350-க்கும் மேற்பட்ட தேவாலயங்களைக் கவனித்துவருகிறது. அரசும் இங்கிலாந்துத் திருச்சபையும் பணம் தருகின்றன. நன்கொடையும் வருகிறது. சில தேவாலயங்களில் கட்டணம் வாங்கிக்கொண்டு இரவில் படுத்துத் தூங்கவும் அனுமதிக்கிறார்கள்! இங்கில்ஷாம் தேவாலயமும் இந்த அறக்கட்டளையின் பொறுப்பில்தான் இருக்கிறது.

இத்தகைய கட்டடங்களுக்குப் பெரிய எதிரி எது தெரியுமா? தண்ணீர். கூரை ஓரத்து மழைநீர்க் கால்வாயில் சருகு அடைத்துக்கொள்ளும். நீர் வழிந்து சுவரில் இறங்கும். சுவருக்குள் பதிந்திருக்கும் உத்திரத்தின் முனை மெல்ல மக்கும். ஒருநாள் கூரையே உட்காரும். ஈரம் தெரிகிறதே என்று அதன்மேல் சிமெண்டைப் பூசினால் இன்னும் மோசம். பழைய சுண்ணாம்புக் காரை ஈரத்தை வெளியே விடும். சிமெண்ட் உள்ளேயே அடைத்து வைக்கும்.

மோரிஸ் தொடங்கிய சங்கம் இன்றும் இயங்குகிறது. நவம்பர் மாதத்தில் நாடு முழுவதும் பராமரிப்பு வாரம் நடத்தியிருக்கிறது. அதில் கூரைக் கால்வாய்களைச் சுத்தம் செய்வதற்கென்றே தனியாக ஒரு நாள்! நாம் சிரிக்கலாம். ஆனால் எண்ணூறு வருடச் சுவரோவியம் பிழைத்திருப்பது அந்தச் சருகை யாரோ அள்ளிப் போடுவதால்தான்.

நண்பர்களே, நம் கட்டடம் எண்ணூறு வருடம் நிற்க வேண்டியதில்லை. நம் பிள்ளைகள் காலம்வரை நின்றால் போதும். இன்று நம்முன் இரண்டு செலவுகள் இருக்கின்றன: முகப்புக்குப் புதுப் பெயிண்ட், மொட்டை மாடி நீர்க்கசிவு. பெயிண்ட் அடித்தால் தெருவில் போகிறவர்கள் எல்லோரும் கவனிப்பார்கள். மாடியைச் சரிசெய்தால் ஒருவர் கண்ணிலும் படாது. இருந்தாலும் என் ஓட்டு மாடிக்குத்தான். எந்தப் பிளாக்கில், எந்தக் குழாய் அடைத்திருக்கிறது என்று ஒரு பட்டியல் எழுதி வந்திருக்கிறேன். செயலாளரிடம் கொடுத்துவிடுகிறேன். மழைக்கு முன் முடித்துவிடலாம்.