படத்தின் பின்புறம் நான்கு வரி

(பொன்விழா நிகழ்ச்சியில் இளைஞர்கள் சார்பில் ஆற்றிய உரை)

பிஸ்மில்லாஹிர் ரஹ்மானிர் ரஹீம்.

 

இந்தப் பொன்விழா மலருக்காகப் பழைய படங்கள் கேட்டபோது, பல குடும்பத்தார் மனமுவந்து ஆல்பங்களை எங்களிடம் தந்தார்கள். ஒரு பள்ளிவாசல் முன்னால் பத்துப் பேர் வரிசையாக நிற்கிறார்கள். எந்த ஊர்ப் பள்ளி? எந்த ஆண்டு? நிற்பவர்கள் யார்? படத்தின் பின்புறம் வெறுமையாக இருக்கிறது. சொல்லக்கூடிய பெரியவர்கள் பலர் இன்று நம்மிடையே இல்லை.

இன்று நம் கைப்பேசிகளில் ஆயிரக்கணக்கில் படங்கள். அவற்றிலும் இதே குறைதான். மினாராவுக்கு முன்னால் நம் முகம் இருக்கிறது. அந்த மினாராவைக் கட்டியவர் பெயர் இல்லை.

நம் முன்னோரின் தடம் தேடி வெகுதூரம் போக வேண்டியதில்லை. 1924இல் திறக்கப்பட்ட ஜொகூர்ப் பாலத்தைக் கடந்தால் சிங்கப்பூரின் தெலுக் ஆயர் தெரு. இன்று சுற்றிலும் உயர்ந்த கட்டடங்கள். அன்று அது கடற்கரை. சோழமண்டலக் கரையிலிருந்து வந்த நம்மவர்கள் 1827இல் அங்கே ஒரு கூரைக் குடிசையில் தொழுதார்கள். அதனால்தான் அல்-அப்ரார் பள்ளிக்குக் ‘குச்சுப் பள்ளி’ என்று பெயர். 1828க்கும் 1830க்கும் இடையில் அதே தெருவில் நாகூர் தர்கா எழுந்தது. அடக்கத்தலம் இல்லை, நாகூர் ஆண்டகையின் நினைவிடம். சற்றுத் தள்ளி, சவுத் பிரிட்ஜ் சாலையில், 1826இல் சூலியா வணிகர்கள் நிறுவிய ஜாமிஆ பள்ளி. இம்மூன்றும் 1974இல் தேசிய நினைவுச் சின்னங்களாக அறிவிக்கப்பட்டன.

வடக்கே மலாக்கா போனால் கம்போங் கிளிங் பள்ளி. 1748இல் இந்திய முஸ்லிம் வணிகர்கள் மரத்தால் கட்டி, 1872இல் செங்கல்லாக மாற்றியது. கூரை அடுக்கடுக்காக மலாய் மண்ணுக்குரியது. மினாராவோ சீனப் பகோடா போல இருக்கிறது. பக்கத்து வீட்டாரோடு நம்மவர்கள் எப்படிக் கலந்து வாழ்ந்தார்கள் என்பதை அந்தக் கட்டடமே சொல்கிறது. பினாங்கின் கப்பித்தான் கிளிங் பள்ளியை நாம் அறியாதவர்கள் அல்லர்.

இந்த இடங்களுக்குப் பிள்ளைகளை அழைத்துப் போவோம். முதலில் இரண்டு ரக்அத் தஹிய்யத்துல் மஸ்ஜித், அடங்கியிருப்பவர்களுக்கு ஸலாம், துஆ. அதன் பிறகு கேமரா. நிர்வாகத்தாரிடம் அனுமதி கேட்போம். தொழுகை நேரத்தில் எடுக்க வேண்டாம். துஆவில் கண்கலங்கி இருப்பவரையும், பெண்கள் பகுதியையும் எடுக்கவே வேண்டாம். உருவப் படம் பற்றி ஆலிம்களிடையே கருத்து வேறுபாடு உண்டு; கல்லையும் கதவையும் எடுப்பதில் அந்தச் சிக்கல் இல்லை.

எதை எடுப்பது? ஆண்டு பொறித்த கல், மீஸான் கல்லின் எழுத்து, ஹவுள், பழைய மரக்கதவு, கூரையின் உட்புறம். பழுதுபார்க்கும் வேலை தொடங்கினால் முதலில் மறைவது இவைதாம். புது டைல்ஸ் ஒட்டியபின் அடியில் என்ன இருந்தது என்று யாரும் சொல்ல முடியாது.

பாலிடெக்னிக்கில் படித்த காலத்தில், வரைபடத்தின் மூலையில் பெயர், தேதி, அளவு இல்லையென்றால் ஆசிரியர் வாங்கவே மாட்டார். இன்று கடையில் சரக்கு இறங்கினாலும், பில்லைச் சரிபார்க்காமல் அலமாரியில் ஏற்றுவதில்லை. படத்துக்கும் அதே கணக்குதான். நான்கு வரி போதும்: எந்த இடம், எந்த நாள், படத்தில் இருப்பவர் யார், இந்தத் தகவலைச் சொன்னவர் யார்.

குடும்பத்துக்கு ஒரு படம், நான்கு வரிகளோடு சங்கத்துக்குத் தாருங்கள் என்று கேட்டுக்கொள்கிறோம். வீட்டில் நன்னாவோ நன்னியோ இருந்தால் இந்த வாரமே பழைய ஆல்பத்தை அவர்கள் மடியில் வைத்துக் கேளுங்கள். நூற்றாண்டு மலரைத் தயாரிக்கப் போகும் நம் பேரப்பிள்ளைகள் வெறும் பின்புறத்தைப் பார்த்து நிற்க வேண்டாம்.

பள்ளிகளைக் கட்டிய அந்த முன்னோருக்கு அல்லாஹ் நற்கூலி வழங்குவானாக, ஆமீன்.